பந்தல் பார்த்த மாடி

செப்டம்பர் 1, ஞாயிறு

சாமான்கள் வந்து இறங்கின. அலமாரியின் ஒரு கால் உடைந்திருந்தது. ஏற்றும்போதே உடைந்துதான் இருந்தது என்றார் லாரிக்காரர். உடைந்த பொருளை வைத்துக்கொள்ளும் வழக்கம் என் வீட்டில் இல்லை என்றேன். அவர் சிரித்தார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது. நல்ல அறிகுறி அல்ல.

சந்தியாகுபட்டி, மேலத்தெரு, மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் ஞானாதிக்கமும் அவர் மனைவி பிரகாசியும். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை கல்தூண், கம்பிப் பந்தல், பன்னீர் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதுதான். ஊருக்கு வெளியே ஓர் ஒயின் கம்பெனி இருக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் புளித்த வாடை வருகிறது. சுவருக்கு அடித்திருக்கும் பச்சையை இப்போது ஆஸ்பத்திரிகளில்கூட அடிப்பதில்லை. குளியலறைக் கதவு சாத்தினால் திறப்பதில்லை, திறந்தால் சாத்துவதில்லை.

பிரகாசி தோசையோடு, கணவரையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். தோசையைவிடக் கேள்விகள் அதிகம்.

"சொந்த ஊரு எதுங்கம்மா?"

"குன்னூர்."

"அது ஒங்க வீட்டுக்கார சாரு எஸ்டேட்ல வேலை பார்த்த ஊருல்ல? பொறந்த ஊரு?"

"கான்வென்ட்ல வளர்ந்தேன்."

"அதுக்கு முந்தி?"

நான் ஞானாதிக்கத்தின் பக்கம் திரும்பி, தண்ணீர்த் தொட்டியை எப்போது கடைசியாகக் கழுவினார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவருக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு மரியாதை வந்துவிட்டது. "விடு பிரகாசி. மிஸஸ் பீட்டர்ஸுங்கிறாக. சட்டைக்கார வகையறாவா, வெள்ளக்காரன் கலப்பா இருக்கும்" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. பிறர் நினைப்பதைத் திருத்துவது என் வேலை அல்ல.

மகன் ரெக்ஸ் போன் செய்தான். "ஏம்மா அந்த ஊரு? அங்க யாரு இருக்கா?" யாரும் இல்லை, அதனால்தான் என்றேன். மலைக்குளிர் என் முழங்காலுக்கு ஆகவில்லை. பெங்களூரில் அவன் மனைவிக்கு நான் ஆகவில்லை. இந்த வீடு போனால் கோயம்புத்தூரில் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் எனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறான். இரும்புக் கட்டில், பொதுக் குளியலறை, மணி அடித்தால் சாப்பாடு. சின்ன வயதில் வேண்டிய மட்டும் மணி அடித்துச் சாப்பிட்டாகிவிட்டது. இந்த வீட்டை விடுவதாக இல்லை.

செப்டம்பர் 4, புதன்

படி கூட்ட ஒருத்தி வருகிறாள். பெயர் அருளாயி. ஐம்பது வயது இருக்கும். காலையில் படியும் வாசலும் கூட்டிவிட்டுப் பிறகு ஞானாதிக்கத்தின் பந்தலில் பழம் வெட்டப் போகிறாள். வாசல்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அவளுக்குக் காபி கொடுக்கும் டம்ளர் கொல்லைச் சுவர் மேல் தனியாக இருக்கிறது. சரியாகக் கழுவியிருக்கவில்லை.

"கீழத்தெருதான். சின்னப்பன்னு ஒருத்தன் இருந்தான், செத்துட்டான். அவன் மக" என்றார் பிரகாசி.

சின்னப்பன் என்ற பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

கூட்டும்போது கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறாள். மூலைகளில் தூசி அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள் திருப்பலி. பாடகர் குழுவுக்குச் சுருதி என்று ஒன்று இருப்பது தெரியாது. முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் கயிறோ தடுப்போ இல்லை. ஆனாலும் மேலத்தெரு வலது பக்கம், கீழத்தெரு இடது பக்கம். யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பிரகாசி என் கையைப் பிடித்து வலது பக்கம் அழைத்துப் போனார். போனேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

முழங்காலுக்காக நடக்கிறேன். இன்று கல்லறைத் தோட்டம் வரை. நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். மேற்கே பளிங்கு, கிரானைட், போட்டோ பதித்த சிலுவைகள். கிழக்கே மண்மேடுகள், நெருஞ்சி, ஒன்றிரண்டு மரச்சிலுவை. கிழக்குப் பக்கத்தில் வேப்பமரத்துக்கு அருகே காற்று நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். செருப்பெல்லாம் முள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சனி ஞாயிறுகளில் பெங்களூர்க் கார்கள் வருகின்றன. ஒயின் கம்பெனியைத் தேடி வழி தவறி இங்கே வந்து மணியடிக்கிறார்கள். அரைக்கால் சட்டை போட்ட ஒருவன், "இங்க டேஸ்டிங் உண்டா சார்?" என்று கேட்டான்.

"உண்டே. பந்தலுக்குள்ள போயி பறிச்சு வாயில போடுங்க. அதுதான் டேஸ்டிங்" என்றார் ஞானாதிக்கம்.

பழத்தையெல்லாம் கம்பெனிக்கு விற்கிறார். அந்த ஒயினை ஒரு வாய் குடித்ததில்லையாம். "அது மருந்துத் தண்ணி மாதிரில்ல இருக்கு. நமக்குப் பிராந்திதான்" என்று என்னிடமே சொல்கிறார்.

கார் போன பிறகு கணவனும் மனைவியும் பேசியது மாடி வரை கேட்டது. "மாடிய இவனுகளுக்கு ஒரு நாள், ரெண்டு நாளுன்னு விட்டா என்ன?"

"கண்டவனும் வந்து குடிச்சுட்டுக் கூத்தடிக்கவா? மேல நம்ம மாதிரி கவுரவமான ஆளு ஒண்ணு இருந்தாப் போதும் எனக்கு."

ஆக, இந்த வீடு பிரகாசியின் நினைப்பில் தொங்குகிறது. இருக்கட்டும். நான் கவுரவமானவள்தான்.

செப்டம்பர் 19, வியாழன்

ஞானாதிக்கம் தன் மச்சானுக்கு ஊர்ப்பெருமை சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க தாத்தா காலத்துல இருந்து கோயில் மணி இதே எடத்துலதான்."

"இல்லை. முதலில் ஓடைப் பக்கம், புளியமரத்தில் தொங்கியது. மணிக்கூண்டு பிறகு கட்டியது" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கேயோ படித்தேன் என்றேன். தவறான தகவலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. பள்ளியிலேயே அப்படித்தான், மதர் சுப்பீரியரின் லத்தீனையே ஒருமுறை திருத்தி, அதற்காக முழங்காலில் நின்றிருக்கிறேன்.

அருளாயி படியில் விளக்குமாற்றோடு நின்றாள். கூட்டவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

குளியலறைக் கதவைச் சரிசெய்ய வந்தவன் இன்னும் மோசமாக்கிவிட்டுப் போனான்.

அக்டோபர் 3, வியாழன்

பிரகாசி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அருளாயி வாயைத் திறந்தாள்.

"புளியமரத்து மணியப் பத்தி எந்தப் பொஸ்தகத்துலம்மா போட்டிருக்கு?"

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. அதான் கேக்குறேன்." விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "எங்கப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சாம். சிஸ்டருக வந்து, படிக்க வைக்கிறோம்னு வண்டியில ஏத்திட்டுப் போனாகளாம். கடைசி வரைக்கும் திரும்பலையாம். எங்க அப்பத்தா சாகுறமட்டும் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. அம்மாவோட நடை அப்பத்தா நடை கணக்காவே இருக்கு."

"மூன்றாவது படியில் காகிதம் கிடக்கிறது. எடுத்துப் போடு" என்றேன்.

எடுத்தாள். போகும்போது, "நான் ஒண்ணும் சொல்லிற மாட்டேன், பயப்படாதீக" என்றாள்.

நான் எதற்குப் பயப்பட வேண்டும்? வேலைக்காரி என்னிடம் ரகசியம் பேசும் தொனியை நான் எப்போதும் அனுமதித்ததில்லை. குன்னூர் பங்களாவில் நாலு பேர் வேலைக்கு இருந்தார்கள்; ஒருவரும் கண்ணை உயர்த்திப் பேசியதில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. உளுந்து வடை ஒத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

இப்படியே விட்டால் ஒரு நாள் கீழேயும் பேசுவாள். பேசினால் மாடி போகும்.

பிரகாசியிடம், இந்தப் பெண் சரியாகக் கூட்டுவதில்லை, பேச்சு அதிகம், கதவைத் திறந்து போட்டுவிட்டு உள்ளே போக முடியவில்லை என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். எல்லாமே உண்மை.

"என்னம்மா, எதையும் எடுத்துட்டாளா?"

"நான் அப்படிச் சொல்லவில்லை."

"நீங்க பெரிய மனுசி, சொல்ல மாட்டீக. அந்தத் தெருவே அப்பிடித்தாம்மா. எனக்குத் தெரியும்" என்றார் பிரகாசி.

அக்டோபர் 11, வெள்ளி

படி வேலையிலிருந்து மட்டும் அல்ல, பந்தல் வேலையிலிருந்தும் அவளை நிறுத்திவிட்டார்கள். நான் அதைக் கேட்கவில்லை.

காலையில் வாசலில் வந்து நின்றாள். ஜன்னல் திரை சரியாக மூடவில்லை. அதனால் எல்லாம் தெரிந்தது.

"என்னத்தக் களவாண்டேன்? பொருளச் சொல்லுங்க."

"கைய நீட்டிப் பேசாதடி!"

"கையி இருக்கு, நீட்டுறேன். இந்தக் கையிதான ஒங்க பந்தல்ல இத்தன வருசமா வெட்டுச்சு? அப்ப இது களவாணிக் கையின்னு தெரியலையோ?"

"போடி, போயி ஒங்க சாமியார்கிட்டச் சொல்லு."

"நம்ம ரெண்டு தெருவுக்கும் ஒரே சாமியாருதாங்கம்மா. மறந்து போச்சா?"

தெருவில் யாரோ சிரித்தார்கள். அருளாயி தலையைத் தூக்கி என் ஜன்னலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அவள் வாயில் அது இருந்தது, எனக்குத் தெரிந்தது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நின்றேன்.

ஒன்றும் சொல்லாமல் முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 12, சனி

படியை நானே கூட்டினேன். மூலைத் தூசி சுலபத்தில் வருவதில்லை.

அருளாயி ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். விளங்கவில்லை. சொல்லியிருந்தால் அவளை வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

அக்டோபர் 27, ஞாயிறு

கோயில் தலைக்கட்டு எழுத மேலத்தெரு ஆட்கள் வந்தார்கள். தெருவில் இருக்கும் குடும்பங்களைத் திருவிழாவுக்காகக் கணக்கெடுப்பது வழக்கம். வாடகைக்குக் குடியிருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. எனக்காகப் பிரகாசி வாதாடினார்.

"மிஸஸ் பீட்டர்ஸ் நம்ம வீட்டு ஆளு மாதிரி. எழுதுங்க."

எழுதினார்கள். பிறகு பிரகாசி என் அருகில் உட்கார்ந்து, மிகவும் அன்பாக, "இனி மாடி ஒங்களுக்குத்தாம்மா. அவரு கார்க்காரங்களப் பத்தி இனிப் பேச மாட்டாரு. இன்னொண்ணு, நாளைப் பின்ன ஒண்ணு ஆச்சுன்னாலும் நீங்க கவலப்பட வேணாம். கல்லறைத் தோட்டத்துல எங்க மாமியாருக்குப் பக்கத்துல எடம் கெடக்கு. நம்ம பக்கமே வச்சுக்கலாம்" என்றார்.

சாவுக்கு இவ்வளவு நல்ல இடம் எனக்கு இதுவரை யாரும் தந்ததில்லை. நன்றி சொன்னேன்.

வீடு நிலைத்துவிட்டது. சனிக்கிழமை கல்லறைத் திருநாள். தெருவோடு சேர்ந்து போக வேண்டும்.

நவம்பர் 2, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாலை நாலு மணிக்குப் போனோம். மேற்குப் பக்கம் முழுவதும் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் ஊதுவத்திப் புகையும். பிரகாசியின் மாமியார் கல்லறையைக் கழுவி மாலை போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் காலி இடம். பிரகாசி அதை எனக்குக் கண்ணால் காட்டினார். நான் அங்கேதான் நின்றேன். சுவர் எனக்கு இரண்டடி தள்ளி.

பங்குச் சாமியார் சின்ன வயது, வெளியூர்க்காரர். ஒவ்வொரு கல்லறையிலும் நின்று, குடும்பத்தார் சொல்லும் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி மன்றாடி, தீர்த்தம் தெளிப்பார். இங்கே அதுதான் முறை. வீட்டில் கூப்பிடும் பெயர் செல்லாது. கோயில் உபதேசியார் தீர்த்தச் செம்புடன் கூடவே வந்தார். மேற்குப் பக்கம் முடிந்ததும் சுவரில் இருக்கும் இடைவெளி வழியாகக் கிழக்கே போனார்கள்.

எங்கள் ஆட்கள் கிளம்பவில்லை. கிழக்குப் பக்கத்து மந்திரிப்பு முடியும் வரை நின்று பேசிக்கொண்டிருப்பது வழக்கமாம்.

வேப்பமரத்துக்கு அருகே அருளாயி நின்றாள். நெருஞ்சியெல்லாம் பிடுங்கி, மேட்டுக்குச் சுண்ணாம்பு தெளித்திருந்தாள். சாமியார் கேட்டார்.

"பேர் என்னம்மா?"

"சீனியம்மாங்க சாமி. எங்க அப்பத்தா."

"ஞானஸ்நானப் பேர்?"

அருளாயி விழித்தாள். "அது... தெரியலீங்க சாமி. அப்பாவுக்குத்தான் தெரியும். செத்துட்டாரு."

"மரியம்மான்னு சொல்லுங்க சாமி" என்றார் உபதேசியார். "இந்தப் பக்கம் தெரியாத பேரெல்லாம் மரியம்மாதான்."

மேற்கே சிரித்தார்கள். பிரகாசி முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சாமியாரும் சிரித்தார். நேரமாகிவிட்டதால் செம்பில் கையை விட்டார். "மரியம்மாளின் ஆன்மா..." என்று தொடங்கினார்.

"மரியம்மாள் இல்லை" என்றேன்.

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். பெயர் தவறு. தவறான பெயரைச் சொல்லித் தண்ணீர் தெளித்தால் அது யாருக்கோ போகும்.

"பெர்பெத்துவம்மாள். மிக்கேல் மனைவி பெர்பெத்துவம்மாள். சரியாகச் சொல்லுங்கள், ஃபாதர்."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" பிரகாசி என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"என் அம்மா" என்றேன்.

என் முழங்கையிலிருந்து கை எடுக்கப்பட்டது. சுட்டதுபோல.

சாமியார் சரியான பெயரைச் சொல்லித் தெளித்தார். 'து'வை விழுங்கிவிட்டார். அதை விட்டுவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அருளாயி என்னைப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. கையில் இருந்த மெழுகுவர்த்தியை மேட்டில் ஊன்றி, காற்றுக்கு உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

தனியாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

பிரகாசி படிக்குக் கீழே நின்று பேசினாள். மேலே வரவில்லை.

"மாடிய டூரிஸ்டுக்கு விடப் போறோம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரு."

'பண்ணிரு.' ஓர் இரவு போதுமாக இருந்தது அவளுக்கு.

"டூரிஸ்டுகள் குடித்துவிட்டுக் கூத்தடிப்பார்களே" என்றேன்.

"அது பரவால்ல. ஏமாத்த மாட்டாக. என் சமையக்கட்டு வரைக்கும் வந்து ஒக்காந்து சாப்பிட்டியே! கேட்டேனே, மொத நாளே வாயத் தொறந்து கேட்டேனே!"

"கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லித்தான் ஒரு வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது."

"மாமியாருக்குப் பக்கத்துல எடம் வேற குடுத்தேன், பாவி!"

மதியத்திலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை.

நவம்பர் 4, திங்கள்

தெருக்குழாயிலிருந்து சிறிய வாளியில் தண்ணீர் கொண்டுவருகிறேன். நான் போனதும் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். வரிசையில் நிற்கும் தொல்லை இல்லை.

நவம்பர் 6, புதன்

சாமியார் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "ஊர் ஒற்றுமை முக்கியம்மா. நீங்க படிச்சவங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாமே" என்றார். கோயம்புத்தூர் இல்லத்தின் சிஸ்டரை அவருக்குத் தெரியுமாம், பேசட்டுமா என்று கேட்டார்.

"உங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் இருக்கிறது, ஃபாதர். அது எந்த ஒற்றுமைக்குக் கட்டியது?" என்றேன்.

அது அவர் வருவதற்கு முன்பே இருந்ததாம். தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே இருந்தது.

காபி தரவில்லை. கீழிருந்து ஒவ்வொரு சொட்டாகத் தூக்கி வந்த தண்ணீர்.

நவம்பர் 9, சனி

ஞானாதிக்கம் மேலே வந்தார். பிராந்தி வாசனை. மனைவி அனுப்பியிருக்கிறாள்; அவருக்கே பேச இஷ்டமில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. தெருவுல தலைகாட்ட முடியல. தலைக்கட்டுல வேற எழுதிட்டோம். இப்ப பேர அடிச்சு எடுக்கணும், அதுக்குக் கூட்டம் போடணும்ங்கிறாக."

"காலி செய்ய முடியாது. வாடகை ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டதும் பதினொரு மாதத்துக்கு, நீங்கள் போட்டதும் பதினொரு மாதத்துக்கு."

"கோர்ட்டு கேசுன்னு போனா ஒங்களுக்குத்தான் செரமம்."

"தாராளமாகப் போங்கள். தீர்ப்பு வருவதற்குள் நான் செத்துவிடுவேன். எந்தப் பக்கம் வைப்பது என்று அப்போது ஒரு கூட்டம் போட்டுக்கொள்ளுங்கள்."

அவர் சிரித்துவிட்டார். உடனே கீழே கேட்டிருக்குமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் எதிர்ப்பது சுலபம்.

நவம்பர் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. முழங்கால் வலி. வாளியைத் தூக்கி வலது தோளும் போய்விட்டது. ரெக்ஸுக்குப் போன் செய்ய எடுத்தேன். அவன் உடனே கார் அனுப்பிவிடுவான். வைத்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மேகமலைப் பக்கம் கறுத்திருக்கிறது. மழை விழுந்தால் பழுத்த திராட்சை வெடித்துவிடும். வெடித்த பழத்தை ஒயின் கம்பெனி வாங்காது. ஆகவே நாளைக்குள் பந்தல் முழுவதும் வெட்டியாக வேண்டும் என்று கீழே பரபரப்பு. பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன.

நவம்பர் 13, புதன்

விடிந்து வெயில் ஏறியும் பந்தலில் ஒரு கத்தரிச் சத்தம் இல்லை. வெட்டுகிறவர்கள் எல்லோரும் கீழத்தெருப் பெண்கள். ஒருத்தியும் வரவில்லை. ஞானாதிக்கம் மோட்டார் சைக்கிளில் போனார், வந்தார், போனார். பிரகாசி தானே கத்தரியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் இறங்கினாள். மதியத்துக்குள் ஒரு வரிசைகூட முடியவில்லை. பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணாந்து நின்று வெட்டும் வேலை. ஜன்னலில் நின்று பார்த்தேன். பார்க்க எனக்கு உரிமை உண்டு. ஜன்னலுக்கும் சேர்த்துத்தான் வாடகை.

மாலையில் தூறல்.

ஞானாதிக்கம் மேலே வந்தார். நனைந்திருந்தார்.

"அம்மா, ஒங்க ஆளுககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

ஒங்க ஆளுக. ஆறு வயதுக்குப் பிறகு இந்தச் சொல்லை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அதற்காகத்தான் அத்தனை இங்கிலீஷும், அந்தப் பெயரும், அந்த மலையும். இப்போது ஒருவர் நனைந்த தலையோடு நின்று, உதவி கேட்கும் குரலில் சொல்கிறார்.

"நான் சொல்லி அவர்கள் வேலைக்கு வராமல் நிற்கவில்லை. நான் சொல்லி வரவும் மாட்டார்கள். அருளாயியைப் போய்ப் பாருங்கள். வாசலில் நின்று பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்து பேசுங்கள்."

"பிரகாசி ஒத்துக்கிட மாட்டா."

"அப்படியானால் பழம் வெடிக்கட்டும்."

நவம்பர் 14, வியாழன்

போயிருக்கிறார். உட்கார்ந்தும் இருக்கிறார். கீழத்தெருவில் அவருக்குக் காபி கொடுத்து, அவர் குடிக்கும் வரை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்களாம்.

காலையில் பந்தல் முழுக்கக் கத்தரிச் சத்தமும் சிரிப்பும். பாதிப் பழம் தப்பியது, மீதி வெடித்துவிட்டது. பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் துருவாக வந்தது. தொட்டியைக் கழுவச் சொல்லி செப்டம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 16, சனி

காலி செய்யும் பேச்சு நின்றுவிட்டது. அடுத்த வெட்டுக்கும் கீழத்தெருதான் வர வேண்டும் என்று ஞானாதிக்கத்துக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. மன்னிப்பு ஏதும் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பிரகாசி இப்போது புது ஆயுதம் கண்டுபிடித்திருக்கிறாள். ஒட்டடைக் கம்பால் கீழிருந்து கூரையை இடிக்கிறாள். நான் மிக்ஸி போட்டால் இடி. இருமினால் இடி.

நவம்பர் 17, ஞாயிறு

திருப்பலி முடிந்து வந்ததும் படியில் காலடிச் சத்தம். அருளாயி. விளக்குமாறு இல்லை. கண்டாங்கிச் சேலை, தலையில் பூ. வாசல்படியில் நின்று என்னைப் பார்த்தாள். உள்ளே வந்து நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஒங்களுக்காகப் பண்ணலைங்கிறதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். "அப்பத்தா பேரச் சொல்லிச் சிரிச்சாக பாருங்க, அதுக்கு. ஒங்களுக்குன்னா பழம் வெட்டியே குடுத்திருப்பேன்."

"எனக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை."

"ஆமா, தெரியுதே. வாளியத் தூக்கிக்கிட்டு ஆடி ஆடிப் போனீகளே." பச்சைச் சுவரைச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்காகவா என்னையக் களவாணின்னீக? இந்தச் செவுத்துக்கா?"

"நான் களவாணி என்று சொல்லவில்லை."

"என்ன சொன்னீகளோ அதச் சொல்லுங்க."

"கதவைத் திறந்து போட முடியவில்லை என்றேன்."

"ஆத்தாடி! இங்கிலீசு படிச்சவுக பொய் சொன்னாக்கூட அதுல பொய் இருக்காது போல." கடகடவென்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் பூ வைத்திருந்த விதமும் சரியில்லை. ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னேன்.

"அத்தை, ஒங்க வாய வச்சுக்கிட்டு எப்படி இத்தன வருசம் யாரும் ஒங்களக் கொல்லாம விட்டாக?"

அத்தை என்றாள். நான் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன். பிறகுதான் காதில் விழுந்தது. அதற்குள் அடுத்ததைக் கேட்டாள்.

"அந்தப் பேர அப்பத்தாவுக்கு யாரு வச்சது? பெர்... பெர்பெத்துவாவா? வாய்லயே நொழைய மாட்டேங்குது."

தெரியாது என்றேன்.

"தெரியாதா! ஒங்களுக்கா!"

"தெரியாது. என்னை வண்டியில் ஏற்றிய அன்று அம்மா என்னைச் சொல்லச் சொன்னார்கள். யாராவது கேட்டால் உன் அம்மா பெயர் இது, மறக்காதே என்று. யாரும் கேட்கவில்லை."

அருளாயி நாற்காலி நுனிக்கு வந்தாள். பிறகு, "எழுபது வருசமா ஒருத்தருமா கேக்கல?" என்றாள்.

"கேட்கிற இடத்தில் நான் நிற்கவில்லை."

"அப்ப கேக்கலைன்னு சொல்லாதீக. சரியாச் சொல்லுங்க!"

"குரலை உயர்த்தாதே!"

"நீங்கதான் கத்துறீக!"

கீழிருந்து ஒட்டடைக் கம்பு இடித்தது. டங், டங், டங்.

இருவரும் தரையைப் பார்த்தோம். அருளாயி உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி நன்றாக ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பிறகு முன்னைவிடப் பலமாக இடி.

இப்படி நடந்துகொள்வது நாகரிகம் அல்ல என்று அவளிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதித்தால் சத்தம் சரியாகப் போகாது என்பதையும் சொன்னேன். தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது, கால் உடைந்தது, ஒருத்தியால் நகர்த்த முடியாது.

"அந்தப் பக்கம் பிடி" என்றேன்.

அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இழுத்தோம். திரும்பவும் இழுத்தோம்.